சிவப்பைத் தொட்ட கை

அத்தியாயம் 4

மூன்றாவது தடவையும் வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு அடங்கிப் போனது.

"விட்டுடுங்க அண்ணி. அதுக்கு உங்களைப் பிடிக்கல," என்றாள் வெண்கலம்.

துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற கண்ணாடிக்கு முதுகில் வியர்வை இறங்கியது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர் அது. வெண்கலம் அவள் கணவனின் தங்கை. குரலால் பெயர் வாங்கியவள். ஆபீசில் உதவிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அந்த சத்தமா பேசுறவங்க இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு நெஞ்சுக்குக் கீழே ஒரு எரிச்சல் கிளம்பும். முதல் ஒரு வருஷம் அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை போட்டாள். பிறகுதான் அதற்கு வேறு பெயர் என்று புரிந்தது. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

வெண்கலம் குனியக்கூட இல்லை. செருப்பு நுனியால் வண்டியின் பக்கத்துத் தாங்கியை ஒரு தட்டு தட்டி மேலே ஏற்றினாள். "சைடு ஸ்டாண்டு கீழ இருந்தா, கியர் போட்டவுடனே அதுவே எஞ்சினை நிறுத்திடும். கிளட்சைப் பிடிக்கலன்னா ஸ்டார்ட்டே ஆகாது. இந்த சிவப்பு சுவிட்ச் அமுங்கியிருந்தா சத்தமே வராது. மூணு மாமியார் இருக்கிற வீடு மாதிரி. மூணு பேரும் தலையாட்டணும்."

பொத்தானை அழுத்தினாள். வண்டி பூனைக்குட்டி மாதிரி கொஞ்ச ஆரம்பித்தது.

"சாட்சியைக் கலைச்சிட்டீங்களே," என்றார் லிஃப்ட்காரர், கண்ணாடி முதலிலேயே எடுத்துவிட்டிருந்த சிவப்பு சுவிட்சைப் பார்த்து, வருத்தமாக.

வண்டி அவருடையது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தன் வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட்டின் ஓரத்தில், வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய சாவியில்லாத வண்டி. ரிமோட் சட்டைப் பையில் இருந்தால் போதும், ஆள் பக்கத்தில் வந்ததும் விழித்துக்கொள்ளும். டேங்கின் மேலுள்ள உருண்டைப் பொத்தானை அமுக்கினால் உயிர் வரும், மறுபடி அமுக்கினால் உயிர் போகும்.

"ரெண்டு ரிமோட் கொடுத்தாங்க. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு பீரோவுல. நான் வேலைக்குக் கம்பெனி வேன்லதான் போறேன், வண்டி பகல் முழுக்க இங்கதான் நிக்குது, கவர் போட்டு. மூணு புதன்கிழமை மேடம், சாயங்காலம் வந்து பார்த்தா பேட்டரி செத்துக் கிடக்கு. மூணு தடவையும் இந்த சிவப்பு அமுங்கியிருந்துச்சு. போன வாரம் மெக்கானிக் வந்து சார்ஜ் போட்டார். அப்பக்கூட, சிவப்பை மட்டும் தொடாதீங்க, அது சாட்சின்னு சொல்லிட்டேன்."

"நீங்களே மறந்து அமுக்கியிருக்கலாம்," என்றாள் கண்ணாடி.

"எங்க தொழில்ல சிவப்பை யாரும் மறந்து அமுக்கமாட்டாங்க. லிஃப்ட்ல அதை அமுக்கினா உள்ள ஆள் தொங்குறான்னு அர்த்தம். ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதணும். இருபது வருஷம் ஆச்சு, சிவப்பைப் பார்த்தாலே என் கை தானா பின்னால போயிடும்." வண்டியைக் காட்டினார். "இதுல சிவப்பு எஞ்சினை மட்டும்தான் நிறுத்தும். வண்டி அணையாது. முன்விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மேல கவரைப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியும்? சாயங்காலத்துக்குள்ள பேட்டரி காலி. யாரோ ஒருத்தன் என் வண்டியை எடுத்துட்டுப் போறான். நிறுத்தத் தெரியாம நிறுத்திட்டுப் போறான்."

"ஒருத்தன்?"

"பக்கக் கண்ணாடி ரெண்டும் கீழ இறங்கியிருக்கு. குட்டையான ஆம்பள."

"குட்டைன்னு பக்கக் கண்ணாடி சொல்லும். ஆம்பளன்னும் சொல்லிச்சா சார்?" என்றாள் வெண்கலம்.

லிஃப்ட்காரர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு மெஷின், அவள்தான் முதல் மெஷினில் உட்கார்ந்து மற்றவர்களையும் பார்த்துக்கொள்வாள். எல்லோருக்கும் அவள் மாஸ்டரக்கா. அங்கே பார்சல் எடுக்க ஒரு கூரியர்காரன் வருகிறான். குட்டையான ஆள்.

"அவன்கிட்டப் பேசும்போது அவ சிரிப்பு வேற மாதிரி இருக்கு."

"எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருக்கு," என்றார்.

வெண்கலம் டேங்கின் மேலிருந்த பொத்தானை அமுக்கி வண்டியை அணைத்தாள்.

"நாலு மணிக்கு அவ அண்ணன் ஊர்லேர்ந்து வர்றார்," என்றார் லிஃப்ட்காரர். "பன்னெண்டு மணி பஸ். நான்தான் வரச் சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. வந்து உட்கார்ந்ததும் அவர் முன்னாடி அந்தப் பேரைச் சொல்லி, உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லப்போறேன். எனக்குப் பேர் மட்டும் வேணும் மேடம்."

"நாலு மணிக்குள்ள பேர் கிடைக்கலன்னா?"

"கூரியர்காரன் பேரைச் சொல்லிடுவேன்."

பத்தொன்பது வருஷக் குடித்தனம். ஒரு பெண், தன் அண்ணன் முன்னால், செய்யாத ஒன்றுக்காகத் தலை குனிந்து நிற்கப் போகிறாளோ, செய்ததற்காகவோ. இரண்டில் எது என்று சொல்லக் கண்ணாடிக்கு ஐந்தரை மணி நேரம் இருந்தது.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவா."

"இன்னிக்கும் புதன்தான். லீவு போட்டு ஒளிஞ்சு நின்னு பார்த்தாலே தெரிஞ்சிடுமே?"

லிஃப்ட்காரர் வண்டியின் இருக்கையில் இல்லாத தூசியைத் தட்டினார். "பார்த்துட்டா?" என்றார். வாசலில் கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. போய்விட்டார்.

அந்தக் கேள்வியைக் கண்ணாடி நன்றாக அறிவாள். தன் கணவனும் அவன் தங்கை வெண்கலமும் சமையலறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். என்ன சிரிப்பு என்று எழுந்து போய்ப் பார்க்கமாட்டாள். பார்த்துவிட்டால் அது வெறும் பழைய பள்ளிக்கூடக் கதையாக இருந்துவிடும். பிறகு எதை வைத்துக்கொண்டு வேகுவது?

வெண்கலம் குனிந்து சிவப்பு சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கைப்பிடி, கட்டைவிரல் எட்டுகிற இடம். அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அண்ணி, நாம இங்கேயே ஓரமா உட்கார்ந்தா போதும். மதியத்துக்குள்ள ஆளே நடந்து வரும். பன்னெண்டு மணிக்கு முன்னாடி அந்த அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டு, பஸ் ஏற வேண்டாம்னு சொல்லிட்டா..."

"யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அப்ப முதல்ல கூரியர்," என்றாள் கண்ணாடி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெண்கலம் கூரியர் என்று சொல்லியிருந்தால், தான் ஷெட்டில் உட்காரலாம் என்று சொல்லியிருப்பாள்.

*

கூரியர் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே பார்சல்கள் இருந்ததால் ஆட்கள் வெளியே நின்றார்கள். சரியாகப் பதினொன்றேகாலுக்கு அந்தக் குட்டை மனிதர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கண்ணாடி அவர் கையைப் பார்த்தாள். சாவியைத் திருகினார், உருவினார், விரலில் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கணம்கூட அந்தக் கை வேறு எங்கும் போகவில்லை.

"சிவப்பு சுவிட்சை அமுக்கி நிறுத்தமாட்டீங்களா?" என்று கேட்டாள் வெண்கலம்.

"என் வண்டியில ஏதுங்க சிவப்பு? ஹார்னே வாரத்துல நாலு நாள்தான் வேலைக்கு வருது."

"பைக் ஓட்டுவீங்களா?"

"ஒரு தடவை மச்சினனோட பைக்ல ஏறினேன். சிக்னல்ல நிறுத்தினா ரெண்டு காலும் அந்தரத்துல நிக்குது. பக்கத்துல ஒரு லாரி. லாரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

வெண்கலம் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு நிமிஷத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா பெண்ணிடம் பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி பதினோரு வருஷமாக நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள்; ஒருவரும் அவளிடம் லாரியைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னதில்லை.

"தையல் யூனிட் மாஸ்டரை எங்கேயாவது வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று நடுவில் புகுந்தாள்.

அவர் சிரிப்பு நின்றது. "என் பின்னாடி பார்சல்தாங்க உட்காரும். ஏன் கேக்குறீங்க?"

"அவங்க உங்ககிட்ட நிறைய சிரிப்பாங்களாமே."

"எனக்குப் படிக்கிற கண்ணாடி உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. அட்ரஸை எல்லாம் தப்புத் தப்பாப் படிப்பேன். போன வாரம் 'தலைமை ஆசிரியர்'ங்கிறதை 'தலையணை ஆசிரியர்'னு படிச்சேன். அந்தம்மா சிரிச்சுட்டுத் திருத்திக் கொடுக்கும். அவ்வளவுதான்." பார்சலை எண்ண ஆரம்பித்தவர், எண்ணுவதை நிறுத்தினார். "புதன்கிழமை மட்டும் நான் பன்னெண்டரைக்கே போயிடுவேன். ஒரு மணிக்குப் போனா அந்தம்மா இருக்காது. சாப்பாட்டு நேரத்துல கிளம்பினா ரெண்டரைக்குத்தான் திரும்பும்."

வெளியே வந்து வெண்கலத்தின் ஸ்கூட்டரில் ஏறும்போது கண்ணாடி தனக்குள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். அவர் நல்லவராகப் போய்விட்டதில் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த லிஃப்ட்காரருக்காக அவளும் சேர்ந்து ஒரு கள்ளனை மனசுக்குள் தைத்து வைத்திருந்தாள். அளவு சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தாள்.

"மணி பன்னெண்டாகப் போகுது," என்றாள் வெண்கலம். "அந்த அண்ணன் பஸ் ஏறியிருப்பார்."

*

தையல் யூனிட்டில் சீருடை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நீள அறை. இரண்டு வரிசையில் பன்னிரண்டு பவர் மெஷின். மழை தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம். முதல் மெஷினில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி துணிக்குள் போனாள். சின்ன உருவம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்கு மணி அடித்தது.

யாரும் தலையைத் தூக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வலது கைகளும் ஒரே நேரத்தில் மேஜைக்கு அடியில் போயின. டக், டக், டக் என்று வரிசையாகச் சத்தம். மழை நின்றது. கண்ணாடி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு மேஜைக்குக் கீழேயும், வலது பக்கம், ஒரு சின்னப் பெட்டி. மேலே பச்சைப் பொத்தான், கீழே சிவப்பு. மாஸ்டரின் கட்டைவிரல் இன்னும் சிவப்பின் மேலேயே இருந்தது. கண்கள் ஊசியில் இருந்தன. அந்த விரலுக்குக் கண் தேவையில்லை.

கண்ணாடி மெல்ல நிமிர்ந்தாள்.

லிஃப்ட்காரரின் கைக்குச் சிவப்பு என்றால் ஆபத்து. இந்தக் கைக்குச் சிவப்பு என்றால் சாப்பாட்டு மணி. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் உறங்கி எழுந்து, இரண்டு கைகளும் இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்திருக்கின்றன. சாவி இருக்கிற வண்டியாக இருந்தால் சாவியைத் திருகியிருப்பாள். சாவி இல்லாத வண்டியில் ஏறி இறங்குகிறவள் எதை நிறுத்தினால் வண்டி நிற்கும் என்று தேடியிருப்பாள். கட்டைவிரல் அவளைக் கேட்காமலே தனக்குத் தெரிந்த பொத்தானுக்குப் போயிருக்கும். எஞ்சின் சத்தம் நின்றது, வேலை முடிந்தது. அந்தப் பக்கக் கண்ணாடிகள் இறங்கியது ஒரு குட்டை ஆணுக்காக இல்லை.

வெற்றியோடு வெண்கலத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெண்கலம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

நெஞ்சுக்குக் கீழே எரிந்தது.

மாஸ்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய், பத்து நிமிஷத்தில் தலைக்கவசத்தோடு வண்டியில் வெளியே வந்தாள். இவர்கள் ஸ்கூட்டரில் பின்னால் போனார்கள். அழகாக ஓட்டினாள். வளைவுகளில் துணியைத் திருப்புகிற மாதிரி வண்டியைத் திருப்பினாள். கால் மணி நேரத்தில் ஒரு பேப்பர் கடைக்கு முன்னால் நிறுத்தினாள். கட்டைவிரல் சிவப்பைத் தொட்டது. முன்விளக்கு வெயிலில் எரிந்துகொண்டே இருக்க, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைக்குப் பக்கத்திலிருந்த மாடிப்படியில் ஏறிப் போனாள்.

படிக்கட்டின் கீழே கண்ணாடி நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

வெண்கலம் நடிக்கவில்லை. "காலையிலேயே. அந்தப் பொத்தானைப் பார்த்ததும். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நானும் பவர் மெஷின்ல உட்கார்ந்தவதானே. என் ஸ்கூட்டர்லகூட முதல் மாசம் சிவப்பைத் தேடியிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க முகம் எப்படி ஆகும்னு தெரியும் அண்ணி."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இந்தப் பெண் எத்தனை நாளாக, எத்தனை விஷயங்களை, தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து விழுங்கியிருப்பாள்? காலையிலேயே சொல்லியிருந்தால் அந்த அண்ணன் பஸ் ஏறியிருக்கமாட்டார். ஒரு வீட்டில் ஒருவருக்குப் பொறாமை இருந்தால், மற்றவர்கள் மெல்லப் பேசப் பழகிவிடுகிறார்கள். வெண்கலம் என்று பெயர் வாங்கியவளைக்கூட மெல்லப் பேச வைத்திருக்கிறோம்.

"வா," என்றாள். "மேல யார் இருக்கான்னு பார்க்கலாம்."

*

மேலே யாரும் இல்லை. சுண்ணாம்பு அடித்த ஒரு அறை. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மாஸ்டர் தரையில் மண்டியிட்டு, இஞ்ச் டேப்பால் சுவரிலிருந்து சுவருக்கு அளந்துகொண்டிருந்தாள். தரையில் சாக்பீசால் நாலு கட்டங்கள் போட்டிருந்தன. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். சீருடைக்காரர்கள் என்று அடையாளம் தெரிந்தது. அடுத்த நொடியே, சீருடைக்காரர்கள் இல்லை என்றும் தெரிந்தது.

"அவர் அனுப்பினாரா?"

கண்ணாடி தலையசைத்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"எத்தனை நாளா சந்தேகம்?"

"மூணு வாரமா. புதன்கிழமை நீங்க வண்டியை எடுத்துட்டு வந்தா, சாயங்காலம் பேட்டரி இறங்கிடுது. நீங்க எஞ்சினைத்தான் நிறுத்துறீங்க. வண்டி அணையல. கீழ விளக்கு இப்பவும் எரியுது."

மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெயிலில் மங்கலாக ஒரு வெளிச்சம். வெகுநேரம் அதையே பார்த்தாள். "மூணு தடவை பேட்டரி போச்சா? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா அன்னிக்கே கத்துக்கிட்டிருப்பேனே." திரும்பினாள். "யூனிட்லேர்ந்து வீட்டுக்கு நடந்தா பன்னெண்டு நிமிஷம். பதினாலு ஆனா, ஏன்னு கேப்பார். புதுசா ஒரு பொட்டு வெச்சா, யார் பார்க்கணும்னு கேப்பார். இதை மட்டும் கேக்கலையா?"

"கேட்டா உஷாராயிடுவீங்கன்னு பயம்."

"எதுக்கு உஷாராகணும்? நாலு மெஷின் போட்டு சொந்தமா தைக்கலாம்னு ஒரு நினைப்பு. யூனிட் முதலாளிக்கு இப்பவே தெரிய வேண்டாம்னு பார்த்தேன். என் வீட்டுக்காரர்கிட்ட முடிவானதும் சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொன்னா, அங்க யார் யார் வந்து போவாங்கன்னுதான் முதல்ல கேப்பார்."

வெண்கலம் சாக்பீஸ் கட்டத்துக்குள் நின்று பார்த்தாள். "இந்த மெஷினுக்கு வெளிச்சம் இடப்பக்கமா வருது. நல்லா இருக்கும்," என்றாள். மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தாள். லிஃப்ட்காரர் சொன்னது சரிதான். நல்லாத்தான் இருந்தது.

கண்ணாடி நாலு மணியைப் பற்றிச் சொன்னாள். அண்ணன், பஸ், அவர் முன்னால் சொல்லப்போகிற பெயர், எல்லாவற்றையும். மாஸ்டரின் கையில் இஞ்ச் டேப் தானாகச் சுருண்டது.

"என் அண்ணனையா வரச் சொன்னார்?" என்றாள். சுருண்ட டேப்பைக் கைப்பையில் வைத்தாள். அழவில்லை. "இன்னிக்கு வரைக்கும் இந்த ரூம்ல மெஷின் மட்டும் போடலாம்னுதான் நினைச்சேன்," என்றாள் கடைசியில். "நீங்க போங்க. நாலு மணிக்கு நானும் வர்றேன்."

*

நாலு மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அண்ணன் பயணக் களைப்போடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் கடைசியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக நின்றாள்.

"பேர்," என்றார் லிஃப்ட்காரர்.

பதினோரு வருஷமாகக் கண்ணாடி இந்த இடத்தில் 'நான் கண்டுபிடிச்சேன்' என்றுதான் ஆரம்பிப்பாள். நாக்கு அந்தப் பழக்கத்துக்கே போயிற்று. இழுத்துப் பிடித்தாள்.

"நாங்க கண்டுபிடிச்சோம்," என்றாள். வெண்கலம் சட்டென்று திரும்பிப் பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. "வண்டியை எடுத்துட்டுப் போனது உங்க மனைவி. தனியா. தையல் மெஷினை நிறுத்துறதுக்குச் சிவப்பை அமுக்கணும். முப்பது தடவை ஒரு நாளைக்கு. அந்தக் கை உங்க வண்டியிலும் அதையே அமுக்கியிருக்கு. வேற ஆள் யாரும் கிடையாது."

லிஃப்ட்காரர் மனைவியின் வலது கையைப் பார்த்தார். மூச்சு விட்டார். முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பும் நன்றாகத்தான் இருந்தது. "அடடா," என்றார். "நீயா? கேட்டிருந்தா நானே ஓட்டக் கத்துக் கொடுத்திருப்பேனே. மச்சான், ஒண்ணுமில்ல, சும்மா உங்களைப் பார்த்து நாளாச்சேன்னுதான் வரச் சொன்னேன். காபி போடு."

மாஸ்டர் நகரவில்லை.

"அண்ணா, நீ வந்தது நல்லதாப் போச்சு," என்றாள். "உள் அறையில என் மெஷின் இருக்கு. தனியாத் தூக்க முடியாது. ஒரு ஆட்டோ பிடிச்சுக்கலாம்."

"எங்கம்மா கொண்டு போகணும்?"

"நான் ஒரு ரூம் பார்த்திருக்கேன். இனிமே அங்கதான்."

தங்கையை எதற்காகக் கூட்டிப் போகச் சொல்லி அழைத்தார்கள் என்று தெரியாமலே வந்த மனிதர் அவர். அவள் முகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து உள்ளே போனார்.

லிஃப்ட்காரரின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார்.

"ரூமா? யாரோட ரூம்?"

"என்னோடது."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு நாற்காலி இருக்கு."

"அப்புறம்?"

"ஒரு ஜன்னல்."

"அப்புறம்?" என்றார்.

மாஸ்டர் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினாள். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். அவர் மறுபடியும் 'அப்புறம்' என்றார். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். கண்ணாடிக்கு, இப்போது இவர் வேறு ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடமாட்டாரா என்று இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் போதும். அவர் கேட்கவில்லை. அவள் பையின் வாயைக் கட்டினாள்.

உள் அறையிலிருந்து அண்ணன் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வெண்கலம் ஓடிப் போய் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

லிஃப்ட்காரர் கண்ணாடியின் பக்கத்தில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"மேடம், நாளைலேர்ந்து அந்த ரூமைக் கொஞ்சம் பார்த்துக்கணும். யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு."

கண்ணாடி அவரைப் பார்த்தாள். சிவந்த கண்கள். இரண்டு நாளாகத் தூங்காதவர். மூன்று மணி நேரத்துக்கு முன்னால்கூட, இவருக்காக ஒரு ஆளைத் தேடிக் கொடுத்துவிடத் துடித்தவள்தான் அவளும்.

"அங்க பார்க்கிறதுக்கு ஆளே இல்ல சார்," என்றாள். "அதுக்காகத்தான் அவங்க அங்க போறாங்க."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அண்ணி, ஒரு கை பிடிங்க, இடுப்பு ஒடியுது," என்று வெண்கலம் தெருவே கேட்கக் கத்தினாள். கண்ணாடி போய்ப் பிடித்தாள்.